பக்கத்தில் இல்லாத ரிக்கார்டோ

அன்புள்ள கயல்விழி,

உன் கடிதமும் அட்டவணையும் கிடைத்தன. பொருளியலாளர் ரிக்கார்டோவின் 1815-ஆம் ஆண்டுச் சிறுநூலிலிருந்து ஒரு மொழி மாதிரி எடுத்துக் கொடுத்த 60 கருத்தாக்கங்கள், ஒவ்வொன்றும் நூலுக்குப் பொருந்துகிறதா என்று இரண்டு மாதிரிகள் போட்ட 'சரி', 'தவறு' குறிகளும் மதிப்பெண்களும், கடைசியில் உன் கேள்வி: "இரண்டும் ஒத்துப்போகின்றனவே, இனி மனிதர் எதற்குப் பார்க்க வேண்டும், ஐயா?" நான்கு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

14-ஆம் வரிசையை எடுத்துக்கொள். 'தானிய விகித இலாபக் கொள்கை', ஐந்துக்கு ஐந்து, 'நூலின் மையக் கருத்து' என்று குறிப்பு வேறு. கொள்கை அழகானதுதான். உழவில் உள்ளே போவதும் தானியம், வெளியே வருவதும் தானியம். விதையும் கூலியும் கழித்தால் மிஞ்சுவதும் தானியமே. ஆகவே விலை என்ற பேச்சே இல்லாமல் இலாப வீதத்தைக் கணக்கிட்டுவிடலாம், மற்றத் தொழில்களின் இலாபம் அதைப் பின்பற்றியாக வேண்டும்.

ஆனால் ரிக்கார்டோ இதை எங்கே சொன்னார்? நமக்குக் கிடைத்திருக்கும் அவருடைய எழுத்து எதிலும் இந்த வாதம் இந்த வடிவில் இல்லை. இதை வகுத்துச் சொன்னவர் ரிக்கார்டோவின் எழுத்துகளைப் பதிப்பித்த பியரோ ஸ்ராஃபா. ரிக்கார்டோ தொகுப்பின் முதல் தொகுதிக்கு 1951-இல் எழுதிய முன்னுரையில் சொன்னார். சொன்ன இடத்திலேயே, கிடைத்துள்ள கடிதங்களிலும் தாள்களிலும் இந்த வாதம் இல்லை என்றும் ஒப்புக்கொண்டார். தொலைந்துபோன 1814-ஆம் ஆண்டுத் தாள்களிலோ நண்பர்களுடன் பேசும்போதோ ரிக்கார்டோ இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது அவர் ஊகம். 1970-களில் சாமுவேல் ஹாலண்டர் அந்த ஊகத்தை மறுத்தார். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. அறிஞர்கள் இத்தனை ஆண்டுகளாக அடித்துக்கொள்ளும் ஒன்றுக்கு உன் மாதிரி ஒரு நொடியில் முழு மதிப்பெண் போட்டிருக்கிறது.

நூலையே திறந்து பார். முதல் தர நிலத்தில் பயிரிடுபவனுக்கு 200 குவார்ட்டர் கோதுமை மதிப்புள்ள மூலதனம் என்று ரிக்கார்டோ தொடங்குகிறார் (குவார்ட்டர் என்பது அன்றைய ஆங்கிலத் தானிய அளவை). அதில் பாதி கட்டடங்களும் கருவிகளும். மறுபாதி சுழல் மூலதனம். இரண்டையும் ஈடுசெய்த பிறகு 100 குவார்ட்டர் மதிப்பு மிஞ்சினால் இலாபம் நூற்றுக்கு 50. கணக்கு முழுவதும் கோதுமையில் ஓடுவதால்தான் ஸ்ராஃபாவுக்கு அந்த எண்ணம் வலுப்பெற்றது. ஆனால் களஞ்சியச் சுவரும் கலப்பையும் கோதுமை அல்லவே! அவற்றைக் கோதுமையில் மதிப்பிட்டிருக்கிறார், அவ்வளவுதான். மதிப்பிட வேண்டுமென்றால் விலை வந்துவிடும். விலை வந்தால் 'விலையே இல்லாத விகிதம்' எங்கே நிற்கும்? 'மதிப்புள்ள' என்ற அந்த ஒரு சொல்லை உன் மாதிரி தாண்டிப் போய்விட்டது. நீயும் தாண்டிவிட்டாய், அதுதான் எனக்கு வருத்தம்.

மாதிரி ஏன் தாண்டியது என்பது விளங்குகிறது. ரிக்கார்டோவை அது படித்ததைவிட, ரிக்கார்டோவைப் பற்றி எழுதியவர்களைப் பல மடங்கு படித்திருக்கிறது. அந்த நினைவைக் கொண்டுதான் பக்கத்துக்கு மதிப்பெண் போடுகிறது. இரண்டாவது மாதிரியும் அதே உரைகளில் ஊறியது. ஒரே நோட்ஸை மனப்பாடம் செய்த இருவர் ஒரே விடை எழுதினால் அதைச் சாட்சியம் என்று எந்தத் தேர்வாளர் ஏற்பார்?

எண்களும் உனக்குக் கைகொடுக்கவில்லை. 60-இல் 54 வரிசைகளில் ஒத்துப்போகின்றன, 90 விழுக்காடு என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். ஆனால் ஒவ்வொரு மாதிரியும் தனித்தனியே 54 வரிசைகளுக்குச் 'சரி' போட்டிருக்கிறது. அந்த விகிதத்தில் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே 82 விழுக்காடு ஒத்துப்போய்விடும். தற்செயலைக் கழித்துக் கோஹெனின் கப்பாவைக் கணக்கிட்டுப் பார், 0.44 வரும். இதை நீ எனக்கு எழுதும் முன்பே செய்திருக்க வேண்டும்.

ஸ்ராஃபாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆய்வு மாணவனாக இருந்தபோது ஒரு மழைக்காலம் முழுவதும் நூலகத்தில் அந்த முன்னுரையோடு உட்கார்ந்திருந்தேன். அது அவர் 1930-இல் ஏற்ற பதிப்பு வேலை. முதல் தொகுதி வெளிவர 21 ஆண்டுகள். இடையில் 1943-இல், டப்ளின் அருகே ஒரு வீட்டுப் பெட்டியில், நண்பர் ஜேம்ஸ் மில்லுக்கு ரிக்கார்டோ எழுதிய கடிதங்கள் கிடைத்தன. அவற்றைச் சேர்ப்பதற்காக வேலை மேலும் தள்ளிப்போனது. இப்படி ஒவ்வொரு தாளுக்கும் காத்திருந்த மனிதர், தனக்குப் பிடித்த கருத்துக்குத் தாள் இல்லை என்று தானே எழுதி வைத்தார். நான் மதிப்பீடு என்று சொல்வது இதைத்தான்.

மாதிரியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ரிக்கார்டோ 'ஸ்டாக்' என்ற சொல்லைப் பங்குப்பத்திரமாக அல்லாமல் மூலதனமாக ஆளும் இடங்களையெல்லாம் அது நிமிடங்களில் திரட்டித் தரும். நான் அட்டைகளில் எழுதித் திரட்ட மாதங்கள் ஆயின. மதிப்பெண் கேட்கும்போதுதான் கெடுபிடி வேண்டும். ஒவ்வொரு கருத்தாக்கத்துக்கும் ஆதார வரியைக் கேள், அந்த வரி நூலில் உண்டா என்று நீயே பார். லஸால் பின்னாளில் பரப்பிய 'இரும்புக் கூலி விதி' போல, நூலில் இல்லாத ஆனால் உரையாசிரியர்கள் வாயில் அடிபடும் பெயர்களை நடுநடுவே கலந்து வை. பிறகு பத்தியையே மாற்று: கட்டடங்களையும் கருவிகளையும் நீக்கிவிட்டு மூலதனம் முழுவதும் விதையும் கூலித் தானியமும் என்று எழுதிக் கொடு. இப்போது 14-ஆம் வரிசைக்கு 5 பொருந்தும். மூலப் பத்திக்கும் மாற்றிய பத்திக்கும் ஒரே 5 வந்தால் மாதிரி பக்கத்தைப் பார்க்கவில்லை என்று பொருள்.

அடுத்து 'அரசியல் பொருளாதாரக் கோட்பாடுகள்' நூலுக்குப் போகப் போவதாக எழுதியிருந்தாய். எந்தப் பதிப்பு என்று குறிக்காத கோப்பை எனக்கு அனுப்பாதே. 1817 பதிப்பில் இல்லாத இயந்திர அத்தியாயம் 1821-இன் மூன்றாம் பதிப்பில் இருக்கிறது. இயந்திரம் உழைப்பாளிக்குக் கேடு செய்யக்கூடும் என்று அதில்தான் அவர் தன் பழைய கருத்தை மாற்றிக்கொண்டார்.

14-ஆம் வரிசைக்கு நான் 2 போட்டிருக்கிறேன். நூலை மறுபடி படித்துவிட்டு நீயும் போடு. வேறு எண் வந்தால் எந்த வரியை வைத்துப் போட்டாய் என்று எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்