கணக்கில் சேராத எடை

அன்புள்ள மகளுக்கு,

வேதியியல் பட்டப்படிப்பில் சேர்ந்துவிட்டாய் என்று உன் அம்மா சொன்னதிலிருந்து மனசு நிறைந்திருக்கிறது. முதல் செமஸ்டர் தொடங்குமுன் ஒன்று சொல்லிவைக்கிறேன்.

எரிதல் என்றால் ஆக்சிஜனோடு சேர்வது என்று பள்ளியில் ஒரே வரியில் படித்திருப்பாய். அந்த வரி வருவதற்கு வேதியியலே தலைகீழாகப் புரள வேண்டியிருந்தது. 18-ஆம் நூற்றாண்டில், எரியும் பொருளிலிருந்து ஃபுளோஜிஸ்டன் என்ற ஒன்று வெளியேறுகிறது என்றார்கள். அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதே. விறகு எரிவதையும், இரும்பு துருப்பிடிப்பதையும், தாதுவைக் கரியோடு உருக்கினால் உலோகம் கிடைப்பதையும் அந்த ஒரே கருத்து விளக்கியது. ஆனால் காற்றில் சூடாக்கிய உலோகத்தின் எடை கூடியது. ஏதோ வெளியேறினால் எடை குறையத்தானே வேண்டும்? ஃபுளோஜிஸ்டனின் எடை பூஜ்யத்துக்கும் கீழே என்றுகூடச் சிலர் சமாளித்தார்கள்.

1774-இல் இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி, லென்ஸால் வெயிலைக் குவித்துச் சிவப்புப் பாதரசப் பொடியைச் சூடாக்கி ஒரு வாயுவைப் பிடித்தார். அதில் மெழுகுவத்தி சுடர்விட்டு எரிந்தது. ஃபுளோஜிஸ்டன் நீங்கிய காற்று என்றே அவர் அதைப் புரிந்துகொண்டார். அதே ஆண்டு பாரிஸில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியரிடம் அதைச் சொல்லவும் செய்தார். கந்தகமும் பாஸ்பரசும் எரியும்போது எடை கூடுவதை 1772-லேயே அளந்திருந்த லவாய்சியர், அந்த வாயுதான், அதாவது ஆக்சிஜன்தான், பொருளோடு சேர்கிறது என்று படிப்படியாக நிறுவினார். பிரீஸ்ட்லியோ 1804-இல் இறக்கும்வரை பழைய கருத்தை விடவில்லை.

வென்றவர் சொன்னதெல்லாம் நிலைத்துவிடவும் இல்லை. 1789-இல் வந்த லவாய்சியரின் பாடநூல் ஒளியையும் வெப்பத்தையும் தனிமங்களின் பட்டியலில் சேர்த்தது. அமிலம் எல்லாவற்றிலும் ஆக்சிஜன் உண்டு என்று அவர் நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது இல்லை.

உன் ஆய்வகத்திலும், விடை சரியாக வரவேண்டும் என்று ரீடிங்கை மாற்றி ரெக்கார்டு நோட்டில் எழுதுகிறவர்களைப் பார்ப்பாய். நீ அதைச் செய்யாதே. மறுபடி அளந்து பார், கருவியைச் சரிபார். பெரும்பாலும் பிழை நம் கையில்தான் இருக்கும். அப்படியும் மாறாத அளவை உள்ளபடி எழுதி, ஏன் என்று ஆசிரியரிடம் கேள். எந்தக் கோட்பாட்டைப் படித்தாலும், அதற்கு முந்தையது எதை விளக்கியது, எங்கே இடறியது என்பதையும் கேள். ஒன்றிரண்டு மதிப்பெண் குறைந்தால் குறையட்டும். கருத்துக்காக அளவைத் திருத்திப் பழகியவர்களால், அளவுக்காகக் கருத்தைத் திருத்த முடியாமல் போகும்.

விடுமுறைக்கு வரும்போது ரெக்கார்டு நோட்டையும் எடுத்து வா.

அன்புடன்,
பெரியப்பா