தவிட்டோடு கழியும் ஜீவசத்து

வயலில் விளைந்த நெல்லைப் பதரின்றித் தூற்றி, ஈரமின்றி உலர்த்தி, மணி குன்றாமல் பத்தாயத்திற் சேர்ப்பதில் குடியானவர்கள் காட்டும் ஜாக்கிரதை யாவரும் அறிந்ததே. களத்தில் ஒரு படி நெல் சிந்தினாலும் அதைக் கூட்டி அள்ளாமல் விடுவாரில்லை. ஆயினும், அந்நெல் அரிசியாகிச் சோறாகி இலைக்கு வருவதற்குள் அதன் சாரமான பகுதி மூன்று இடங்களில் சிந்திப் போகின்றது. ஆலையில் தவிட்டோடு ஒரு பங்கும், அரிசி களையும்போது கழுநீரோடு ஒரு பங்கும், சோறு வடிக்கும்போது கஞ்சியோடு ஒரு பங்கும் கழிகின்றன. இம்மூன்றும் பெரும்பாலும் சென்று சேரும் இடம் மாட்டுக் கொட்டிலிலுள்ள கழுநீர்த் தொட்டியே. பாடுபட்டு விளைவித்த வீட்டாருக்கு எஞ்சுவது வெண்மையான மாவு மாத்திரமே. இந்நஷ்டம் எத்தகையது, அதைத் தடுக்கும் வழி யாது என்பவற்றை நில உரிமையாளர்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியம்.

ஜீவசத்தும் தாது உப்பும்

உண்ணும் ஆகாரத்தில் மாவுப்பொருளும் கொழுப்பும் உடலுக்கு உஷ்ணத்தையும் உழைக்கும் வலிமையையும் தருகின்றன. புரதம் தசையை வளர்க்கின்றது. இவையன்றி, வைட்டமின்கள் எனப்படும் ஜீவசத்துக்களும், சுண்ணாம்பு, இரும்பு முதலிய தாது உப்புக்களும் இன்றியமையாதவை. இவற்றிற் பல நாளொன்றுக்குச் சில மில்லிகிராம் அளவிலும், சில அதனினும் குறைந்த அளவிலுமே வேண்டுவன. அளவிற் சிறியனவாயினும் இவை இல்லாவிடில் மற்ற ஆகாரம் எவ்வளவு உண்டும் பயனில்லை.

இது விவசாயிகளுக்குப் புதிய செய்தியன்று. தழைச்சத்தையும் மணிச்சத்தையும் வேண்டிய மட்டும் இட்ட வயலிலும், துத்தநாகச் சத்து குறைந்தால் நெற்பயிர் இலைகளில் துருநிறப் புள்ளிகள் கண்டு வளர்ச்சி குன்றி நிற்கின்றது. ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக ஸல்பேட் இட்டவுடன் அப்பயிர் தேறி எழுகின்றது. பயிருக்குள்ள இந்நியதி மனிதனுக்கும் உண்டு. வயிறு நிறைய உண்டும் உடல் வாடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இத்தகைய நுண்சத்துக் குறைவேயாகும்.

ஜாவாத் தீவின் கோழிகள்

நெல்மணியின் உமிக்குள் அரிசியைச் சுற்றி மெல்லிய தவிட்டுத் தோலும், ஒரு முனையில் முளையும் உள்ளன. தயாமின் எனப்படும் பி1 ஜீவசத்து பெரும்பாலும் இத்தோலிலும் முளையிலும் அவற்றையடுத்த பாகத்திலும் தங்கியிருக்கின்றது. அரிசியை வெண்மையாகத் தீட்டும்போது இவையெல்லாம் தவிடாகப் போய்விடுகின்றன. இச்சத்துக் குறைவால் உண்டாவது பெரிபெரி என்னும் கொடிய நோய். இதில் கால்கள் மரத்து வலுவிழக்கும். சிலருக்கு உடல் வீங்கி, இருதயம் தளர்ந்து மரணமும் நேரிடும். இச்சத்துக் குறைந்த தாயிடம் பால் குடிக்கும் சிசுவோ, தாய் நலமாகத் தோன்றும்போதே, பிறந்த சில மாதங்களுக்குள் திடீரென மாண்டு போவதுண்டு.

இந்நோயின் மூலம் முதலில் ஜாவாத் தீவிலுள்ள பட்டேவியா நகரில் துலங்கிற்று. 1890-ஆம் வருஷத்தையொட்டி, கிறிஸ்டியான் ஐக்மன் என்னும் டச்சு வைத்தியர் தம் பரிசோதனைக் கோழிகள் கால் தடுமாறி விழுவதைக் கண்டார். அவை ராணுவ ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்றுவந்தவை. புதிதாக வந்த சமையற்காரர் ராணுவ அரிசியைக் கோழிகளுக்குத் தர மறுக்கவே, தீட்டாத அரிசி வாங்கி இடப்பட்டது, கோழிகள் குணமடைந்தன. பின்னர் வோர்டர்மன் என்னும் வைத்தியர் அத்தீவிலும் மதுராத் தீவிலுமுள்ள 101 சிறைச்சாலைகளை ஆராய்ந்தார். தீட்டிய அரிசி வழங்கிய சிறைகளில் ஏறத்தாழ 39 பேருக்கு ஒருவரும், தீட்டாத அரிசி வழங்கியவற்றில் ஏறத்தாழ 10,000 பேருக்கு ஒருவருமே இந்நோய்க்கு ஆளாகியிருந்தனர். ஐக்மன் 1929-ஆம் வருஷம் நோபல் பரிசு பெற்றார். வைட்டமின் என்னும் பெயருக்கு மூலமான சொல்லை 1912-ஆம் வருஷம் வழங்கியவர் காஸிமிர் பங்க் என்னும் விஞ்ஞானி.

புழுங்கலரிசி காத்த கதை

அக்காலத்தில் மலேயாவின் ஈயச் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் பல தேசத்துத் தொழிலாளர் வேலை செய்தனர். ஸயாம் தேசத்து வெள்ளைப் பச்சரிசியை உண்ட சீனர்களிடையே பெரிபெரி மிகுந்திருந்தது; தங்கள் வழக்கப்படி புழுங்கலரிசியை உண்ட தமிழ்த் தொழிலாளரிடையே அது அரிதாயிருந்தது. பிராட்டன் என்னும் வைத்தியர் இவ்வேற்றுமையை எடுத்துக்காட்டி 1907-ஆம் வருஷம் ஒரு நூல் வெளியிட்டார். அதற்குச் சற்று முன், கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பிளெச்சர் என்பவர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசிப் பிரிவில் அந்நோயால் இறந்தவர் ஒருவருமில்லை. வாய்பேச வழியற்றோர் உயிரைப் பணயமாக வைத்துப் பெற்ற அறிவு இது. இதை வீணாக்குதல் தகாது.

பழைய சென்னை ராஜதானியிலும் இதே வேற்றுமை காணப்பட்டது. வெள்ளைப் பச்சரிசி உண்ணும் வட சர்க்கார் ஜில்லாக்களில் பெரிபெரி நிலைத்திருந்தது. புழுங்கலரிசி உண்ணும் தமிழ் ஜில்லாக்களில் அவ்வாறு இல்லை. 1918-ஆம் வருஷம் ஸர் ராபர்ட் மக்கரிஸன் குன்னூரில் ஒரே அறையில் தொடங்கிய ஆராய்ச்சிப் பிரிவு, பெரிபெரி விசாரணைப் பிரிவு என்றே பெயர் பெற்றது. 1958-ஆம் வருஷம் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்ட அதுவே பின்னர் தேசிய போஷணை ஆராய்ச்சி நிலையமாயிற்று. தயாமினை 1936-ஆம் வருஷம் ரசாயன முறையில் ஆக்கிக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கர் பிறந்ததும் நெல்லூரிலேதான்.

புழுங்கலரிசிக்கு இக்குணம் வந்தது எங்ஙனம்? நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது, நீரிற் கரையுந் தன்மையுள்ள பி1 ஜீவசத்து தவிட்டுத் தோலிலிருந்து அரிசியின் உட்பாகத்திற்குள் இறங்குகின்றது. பிறகு தீட்டினாலும் அதில் பெரும்பகுதி அரிசியிலேயே தங்குகின்றது. நம் முன்னோர் ஜீவசத்தின் பெயரை அறியாரேனும், அதைக் காக்கும் முறையைக் கையாண்டு வந்தனர்.

அளவு கூறும் உண்மை

100 கிராம் அரிசியிலுள்ள பி1 ஜீவசத்தின் அளவு ஏறத்தாழ வருமாறு: ஆலையில் தீட்டிய பச்சரிசியில் 0.06 மில்லிகிராம், கைக்குத்தல் பச்சரிசியில் 0.21, ஆலையில் தீட்டிய புழுங்கலரிசியில் 0.21, கைக்குத்தல் புழுங்கலரிசியில் 0.27. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 1 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாக இச்சத்து வேண்டும். கடின உழைப்பாளிக்கு இன்னும் அதிகம். நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி உண்பவருக்கு, தீட்டிய பச்சரிசியில் 0.24 மில்லிகிராமும், தீட்டிய புழுங்கலரிசியில் 0.84 மில்லிகிராமும் கிடைக்கின்றன. வெள்ளைப் பச்சரிசியைப் பலமுறை களைந்தால் அச்சிறு அளவிலும் ஏறத்தாழ பாதி கழுநீரில் போய்விடும். பருப்பும் நிலக்கடலையும் காயும் தாராளமாக உண்போர் இக்குறையை ஈடு செய்துகொள்வர். சோறும் சிறிது குழம்புமே ஆகாரமாகவுள்ள கூலியாளின் வீட்டில் ஈடு செய்ய வேறொன்றுமில்லை.

ஆலையில் கவனிக்க வேண்டியவை

வீட்டுக்கென வைக்கும் நெல்லில் பெரும்பகுதியைப் புழுங்கலாக்குதல் நலம். நெல்லைக் குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டால் துர்நாற்றம் உண்டாகும். ஏறத்தாழ 70 டிகிரி சென்டிகிரேட் வெந்நீரில் 3 அல்லது 4 மணி நேரம் ஊறவைத்து, உமி வெடிக்கும் வரை ஆவி காட்டினால் அரிசி நாற்றமின்றி இருக்கும். உலர்த்துவதையும் ஒரே வீச்சில் செய்யாமல், பாதி உலர்ந்தபின் சில மணி நேரம் குவித்து வைத்து, மீண்டும் பரப்பி உலர்த்தினால் நொய் குறையும்.

ஆலையில் அரிசியை ஒருமுறை இலேசாகத் தீட்டுவதே போதும். உமி நீக்கிய 100 கிலோ அரிசியில் 10 கிலோ தவிடு எடுப்பதற்குப் பதிலாக 5 கிலோவோடு நிறுத்தினால், 5 கிலோ அரிசி கூடுதலாகக் கிடைக்கும். ஆகவே அளவு கடந்த வெண்மை உடலுக்கு மட்டுமன்றிப் பணத்திற்கும் நஷ்டமேயாகும். இலேசாகத் தீட்டிய அரிசி, தவிட்டிலுள்ள எண்ணெயால் விரைவில் சிக்குநாற்றம் கொள்ளும், வண்டும் பிடிக்கும். ஆதலால் 15 நாளைக்கு வேண்டிய அளவே அவ்வப்போது அரைத்துக்கொள்ளுதல் தகும். நெல்லாக இருக்கும்வரை இக்கேடு குறைவு.

சமையற்கட்டில் செய்யத்தக்கன

அரிசியைக் கல்லும் தூசும் போகும் அளவுக்கு ஒருமுறை அல்லது இருமுறை களைதல் போதும். வேண்டிய நீரை அளந்து விட்டு, அது சோற்றிலேயே சுவறும்படி சமைத்தால் சத்து வீணாகாது. வடித்தே தீர வேண்டுமாயின், அக்கஞ்சியில் சிறிது உப்பிட்டு வீட்டாரே பருகலாம். அல்லது குழம்பிலும் ரசத்திலும் சேர்த்துக்கொள்ளலாம்.

அரிசி தர இயலாதவை

அரிசியை எவ்வளவு பக்குவமாகக் காத்தாலும் அதில் கிட்டாத சத்துக்கள் சில உள. ஏ ஜீவசத்து அரிசியில் இல்லை. இது குறைந்தால் முதலில் மாலைக்கண் தோன்றும். பின் விழி வறண்டு, கருவிழி புண்ணாகிக் குழந்தை நிரந்தரமாகப் பார்வை இழக்கும். அந்தி வேளையில் பொருள் தெரியாமல் தடுமாறும் குழந்தையைத் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, தண்டுக்கீரை, பப்பாளிப்பழம், மாம்பழம், மஞ்சட் பூசணி ஆகியவை இக்குறையைத் தடுப்பன. இவற்றின் சத்து உடலிற் சேர்வதற்குச் சிறிது எண்ணெய் வேண்டுமாதலால், கீரையை எண்ணெயில் தாளித்து உண்ணுதல் நலம்.

சுண்ணாம்புச் சத்து 100 கிராம் அரிசியில் 10 மில்லிகிராம் அளவேயுள்ளது. கேழ்வரகிலோ ஏறத்தாழ 340 மில்லிகிராம் உண்டு. வாரத்தில் சில நாள் கேழ்வரகுக் களியோ கூழோ உண்பது குழந்தைகளின் எலும்புக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் உகந்தது. இரும்புச் சத்துக் குறைவாலும் பிற காரணங்களாலும் உண்டாகும் சோகை இந்நாட்டில் மிகப் பரவியுள்ளது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேர் சோகையுற்றிருந்தனர். கீரையோடும் பயறோடும் நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்து உண்டால், அதிலுள்ள ஸி ஜீவசத்து இரும்பை உடல் ஏற்கச் செய்யும். சாப்பிட்டவுடன் காப்பி, தேநீர் அருந்துவது அதற்குத் தடையாகும்.

நில உரிமையாளரும் கிராம அதிகாரிகளும்

இவற்றைப் பெறப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. கிணற்றடியில் வழிந்தோடும் நீர் ஒரு முருங்கைக்கும் இரண்டு பப்பாளிக்கும் போதும். வரப்பில் அகத்தியும், வேலியோரத்தில் பூசணியும், அறுவடைக்குப்பின் ஈரமுள்ள வயலில் உளுந்தும் பாசிப்பயறும் விளையும். பயறு விதைத்த நிலமும் வளம் பெறும். கூலியின் ஒரு பகுதியை நெல்லாகவோ அரிசியாகவோ அளக்கும் வழக்கமுள்ள இடங்களில், வெண்மையாகத் தீட்டாத புழுங்கலரிசியும் சிறிது பயறும் சேர்த்து அளந்தால் உழைப்பாளியின் வலிமை குன்றாது. அது நில உரிமையாளருக்கும் லாபமே.

கிராம அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும், பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் நீர் வழியும் இடத்தில் கீரைப்பாத்தி போடச் செய்யலாம். அங்குச் சமைப்போர் அரிசியை அளவு கடந்து களைவதையும் கஞ்சியைச் சாக்கடையில் கொட்டுவதையும் நிறுத்தும்படி கூறலாம். அந்தியில் கண் மங்கும் குழந்தை, காரணமின்றிக் கால் மரத்த தாய் இவர்களைப் பற்றி முதலிற் கேள்விப்படுகிறவர்கள் பெரும்பாலும் இவர்களேயாதலால், அச்செய்தியைச் சுகாதார நிலையத்திற்கு அன்றே தெரிவித்தல் இவர்கள் கடமை.

களத்தில் சிந்திய நெல்லைக் குனிந்து அள்ளும் கைகள், ஆலையிலும் அடுப்படியிலும் சிந்தும் சத்தையும் அவ்வாறே காத்துக்கொள்ள வேண்டும். மாட்டுக்குத் தவிடு வேண்டியதே. ஆனால் அதற்குரிய பங்கு போக, வீட்டுக்குரிய பங்கு வீட்டிலேயே தங்கட்டும்.