ஒரே காட்சி, வெவ்வேறு உள்ளங்கள்

ஒரே வீட்டிற் பிறந்த பிள்ளைகள் இருவர் ஒரே கடுஞ்சொல்லைக் கேட்கின்றனர். ஒருவன் மாலைக்குள் அதை மறந்துவிடுகிறான். மற்றவனோ மாதக்கணக்கில் மனத்திற் சுமந்து திரிகிறான். "இவன் தொட்டாற்சுருங்கி" என்று நாமும் பெயர் சூட்டிவிடுகிறோம். இவ்வாறு தீர்ப்புக் கூறுமுன், மூளையைப்பற்றி விஞ்ஞானிகள் கண்டறிந்த ஓர் உண்மையை நீங்கள் அறிந்துகொள்வது நன்று.

அச்சம், மகிழ்ச்சி முதலிய உணர்ச்சிகள் நம்மை ஆட்கொள்ளும்போது மூளையில் நோரதிரனலின் என்னும் இரசாயனப் பொருள் சுரக்கின்றது. இதனை ஏற்றுக்கொள்வதற்கென நரம்புக் கலங்களிற் சில புரதங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றை ஆக்கும் பரம்பரையலகு எல்லாரிடத்தும் ஒரேவிதமாக அமைவதில்லை. சிலரில் அப்புரதத்தின் நீண்ட சங்கிலியில் மூன்று அமினோ அமிலங்கள் குறைந்திருக்கும். வேறுபாடு இவ்வளவே.

ஆனால் விளைவு சிறிதன்று. 2007ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவைப் பாருங்கள். பல படங்களைக் காட்டிச் சோதித்தபோது, இவ்வேறுபாடு உடையோர் உணர்ச்சியூட்டும் படங்களை மற்றையோரிலும் கூடுதலாக நினைவில் வைத்திருந்தனர். சாதாரண படங்களைப் பொறுத்தவரை வித்தியாசம் காணப்படவில்லை. 1994ஆம் ஆண்டு றுவாண்டாவில் நிகழ்ந்த இனப்படுகொலைக்குத் தப்பிய அகதிகளிடையேயும் இவ்வாய்வு நடைபெற்றது. அங்கும் இவ்வேறுபாடு உடையோருக்கே தாம் கண்ட கொடுமைகள் அதிகமாக மனக்கண்முன் திரும்பத்திரும்பத் தோன்றின.

நினைவு மட்டுமன்று, காண்பதே வேறுபடுகின்றது. சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக மிக விரைவாகக் காட்டிச் செய்த பரிசோதனையின் முடிவைக் கனேடிய ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டனர். இன்பமான சொற்களை இரு சாராரும் ஒரே அளவிற் கண்டுகொண்டனர். துன்பமான சொற்களையோ இவ்வேறுபாடு உடையோரே கூடுதலாகக் கண்டனர். பிறர் கவனியாது விடும் துன்பம் இவர்கள் கண்ணிற் பட்டுவிடுகின்றது.

அப்படியானால் எல்லாம் பிறப்போடு முடிந்த காரியமா? இல்லை. ஒரு பரம்பரையலகு மனிதனைச் சற்றே ஒரு பக்கம் சாய்க்கலாம். அவனை முழுவதும் ஆக்குவதில்லை. மற்றப் பரம்பரையலகுகளுக்கும், வளர்ப்புக்கும், வாழ்க்கை அனுபவங்களுக்கும் அதிற் பங்குண்டு.

ஆகவே, துயரத்தைச் சுமப்பவரிடம் "அதை மறந்துவிடு" என்று சொல்ல உங்கள் நா எழும்போது சற்று நிதானியுங்கள். மறக்கும் ஆற்றல் எல்லாருக்கும் ஒரே அளவில் வாய்க்கவில்லை. புத்தி சொல்வதைப் பிறகு பார்க்கலாம். முதலில் அவர் சொல்வதைப் பொறுமையோடு கேளுங்கள்.