பச்சையாய் இருந்தால் நல்ல தண்ணீரா?

புதுக்கோட்டை மாவட்டத்தில் கண்மாய், குளம், ஊருணி என்று ஐயாயிரத்துக்கு மேல் நீர்நிலைகள். கரையில் நிற்பவர் நிறத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடுவார்: “பாசி படர்ந்திருக்கு, அப்ப விஷம் கலக்கலை. விஷம் இருந்தா பாசி பொழைக்குமா?”

பிழைக்கும். ஈயம், காட்மியம், குரோமியம் கலந்தால் எல்லாப் பாசியும் சாவதில்லை. தாங்காத இனங்கள் ஒதுங்க, தாங்குபவை அந்த இடத்தையும் பிடித்துக்கொள்ளும். உலோகத்தைப் பிடித்துக் கட்டிப்போடும் சிறு புரதத் துணுக்குகளைச் சில பாசிகள் தாமே செய்துகொள்கின்றன. கரையிலிருந்து பார்த்தால் அதே பச்சைதான். நுண்ணோக்கியில்தான் குட்டு வெளிப்படும்: சீராக இருக்க வேண்டிய டயாட்டம் பாசியின் சிலிக்கா ஓடு கோணிக்கொண்டு, அதன் வரிகள் கலைந்து கிடக்கும். பச்சை ஏறுவதற்கு வயல் உரமும் சாக்கடையும் கொண்டுவரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் போதும். பச்சையை வைத்து உலோகம் உண்டென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது.

“பாசி விஷத்தை உறிஞ்சிடும்” என்பதில் பாதி உண்மை. செல்சுவர் உலோக அயனிகளை இழுத்துப் பிடிக்கிறது. செத்த பாசிகூடப் பிடிக்கும். ஆனால் ஈயம் மக்கிப்போகிற பொருளல்ல. பாசியைத் தின்னும் நுண்ணுயிர் வழியாக மீனுக்குப் போகும். இல்லையென்றால் பாசியோடு அடியில் படியும். கோடையில் நாம் வயலுக்கு அள்ளிப் போடுகிற கண்மாய் வண்டல் அந்த அடிமண்தான்.

மயில்துத்தம் (செம்பு சல்பேட்) போட்டால் குளம் சுத்தமாகும் என்பதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன், ஏனென்றால் முதலில் அது பலிக்கிறது. செம்பு அளவோடு இருந்தால் பாசிக்குச் சத்து, மிஞ்சினால் ஒளிச்சேர்க்கையைக் குலைக்கும். மொத்தமாகச் செத்த பாசி அழுகும்போது ஆக்ஸிஜன் குறைந்து மீன் மிதக்கும். நீலப்பச்சைப் பாசியாக இருந்தால் அதன் நஞ்சும் ஒரேயடியாக நீரில் இறங்கும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஃபேர்மான்ட் ஏரிகளில் 58 ஆண்டுகள் மயில்துத்தத்தைக் கொட்டினார்கள். 1984-ல் வந்த ஆய்வின்படி, அடிமண்ணில் செம்பு சேர்ந்தது. செம்புக்குப் பழகிய நீலப்பச்சைப் பாசி பெருகியது. எதை ஒழிக்கப் போட்டார்களோ அதற்கே ஊட்டம் கொடுத்த கதை.

விநாயகர் சதுர்த்தி முடிந்ததும் “களிமண் சிலைதானே, கரைஞ்சிடும்” என்பார்கள். மண் கரையும், சரி. மேலே பூசிய வண்ணம்? பளிச்சென்ற மஞ்சளிலும் ஆரஞ்சிலும் ஈய குரோமேட் இருக்கக்கூடும். பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-ஐத் தாண்டக்கூடாது என்று 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த விதி, வீட்டு உபயோக, அலங்காரப் பெயிண்டுகளுக்குத்தான். தொழிற்சாலை உபயோகப் பெயிண்ட் அதில் வராது. சிலைக்காரர் எந்த டப்பாவைத் திறந்தார் என்று யாரும் கேட்பதில்லை.

கொதிக்கவைத்துக் குடித்தால் போச்சு என்பது கிருமிக்குச் சரி. உலோகம் ஆவியாகாது; நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் ஏறும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அந்த அளவுக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை. வழக்கமாகச் செய்யும் உப்பு, கடினத்தன்மைச் சோதனையிலும் அது தெரியாது. மாதிரி கொடுக்கும்போதே உலோகத்தையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.