தங்கமீனின் சாயம் போனது ஏன்?

தலைமையாசிரியர் அறையிலுள்ள கண்ணாடித் தொட்டிக்குக் கொளத்தூரிலிருந்து தங்கமீன்கள் வாங்கி வந்தோம். வந்தபோது நல்ல ஆரஞ்சுச் சிவப்பு. ஆறே மாதத்தில் வெளுத்துவிட்டன. "சாயம் போயிடுச்சா சார்?" என்று எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்க, வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவற்றுக்கு நாங்கள் போட்டுவந்தது பெரும்பாலும் பொரி.

மீனின் தோலில் நிறமிச் செல்கள் உள்ளன. கருமை தரும் மெலனினை மீனின் உடலே தயாரித்துக்கொள்ளும். ஆரஞ்சும் சிவப்பும் தருகின்ற கரோட்டினாய்டுகளை அதனால் தயாரிக்க முடியாது. பாசி, சிற்றிறால் போன்ற இரையிலிருந்துதான் பெற வேண்டும். இரையில் அது இல்லாவிட்டால் இருக்கும் நிறமும் மெல்ல மங்கும். மேய்ந்து திரியும் நாட்டுக்கோழி முட்டையில் மஞ்சள் கரு அடர்ந்திருப்பதும் பூநாரை இளஞ்சிவப்பாவதும் இவ்வாறே.

இதைச் சொல்லிவிட்டுப் போகாமல் செய்து பார்க்கலாம் என்று நினைத்தேன். கடலைப்புண்ணாக்கு, தவிடு, கருவாட்டுத்தூள், சிறிது மைதா ஆகியவற்றைப் பிசைந்து, ஆவியில் வேகவைத்து, இடியாப்ப அச்சில் பிழிந்து, காயவைத்து நொறுக்கினோம். இது சாதாரணத் தீனி. இதே கலவையில் பத்தில் ஒரு பங்கு இறால் ஓட்டுத்தூள் சேர்த்தது இன்னொன்று. இறால் ஓட்டில் அஸ்டாசாந்தின் என்னும் சிவப்பு நிறமி உண்டு. வேகவைத்தால் ஓடு சிவப்பதும் அதனால்தான். ஒரே அளவுள்ள இரண்டு தொட்டிகளில் நான்கு நான்கு மீன்கள். இடம் போதாமல் ஒன்றைச் சன்னலோரமும் மற்றதை அலமாரிக்கு அருகிலும் வைத்தோம்.

இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் சாதாரணத் தீனி தின்ற மீன்கள்தான் சிவப்பாக இருந்தன!

உண்மையைச் சொல்கிறேன், பதிவேட்டில் வேறு மாதிரி எழுதிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பாடத்தை முன்கூட்டியே சொல்லியாயிற்று; விடை மாறினால் எப்படி? அதற்குள் ஒரு மாணவி, "சார், அந்தத் தொட்டியில மீன் சுவரையே கொத்திக்கிட்டு இருக்கு" என்றாள். அவளுடைய அப்பா மீன் வளர்ப்பவர். சன்னல் வெயிலில் தொட்டிச் சுவரெங்கும் பச்சைப்பாசி படர்ந்திருந்தது. நாங்கள் கொடுக்காத கரோட்டினாய்டை மீன்கள் தாமே மேய்ந்துகொண்டன. வெளிச்சம் குறைந்தாலும் தங்கமீனின் நிறம் மங்கும் என்பதால் அலமாரிப் பக்கத்து மீன்களுக்கு இரட்டை நட்டம்.

வெளுத்த மீன்களாகப் பார்த்து வாங்கி மறுபடி தொடங்கினோம். இம்முறை தொட்டிகள் அருகருகே. பாசியை வாரம் இருமுறை துடைத்தோம். பெயின்ட் கடையின் நிற அட்டையை வைத்து நிறத்தைக் குறித்தோம். எந்தத் தொட்டிக்கு எந்தத் தீனி என்று அறியாத ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை ஒப்பிட்டுச் சொல்ல வைத்ததும் அந்த மாணவியின் யோசனையே. எட்டாம் வாரத்தில் இறால் ஓடு தின்றவை இரண்டு படி அடர்ந்திருந்தன. கண்ணாடிக்குப் பின்னால் வரைபடத்தாளை ஒட்டி நீளமும் அளந்தோம். அதில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. வளர்ச்சிக்கு முக்கியமாகத் தேவைப்படும் புரதம் இரு தீனியிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்ததே காரணம். நிறம் வேறு, வளர்ச்சி வேறு என்பதை மாணவர்கள் இங்கேதான் பிரித்தறிந்தார்கள்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சில நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே தீனி போடுங்கள். விடுமுறைக்கு முன் சேர்த்துப் போட்டு இரண்டு மீன்களை இழந்தோம். எஞ்சிய தீனி அழுகி நீரில் அம்மோனியா கூடிவிட்டது. குழாய்நீரை ஒரு நாள் திறந்து வைத்த பிறகே ஊற்றுங்கள்.

சங்குப்பூ போட்டால் நீல மீன் கிடைக்குமா என்று பிறகு கேட்டார்கள். மீன்களில் நீலம் பெரும்பாலும் நிறமியால் வருவதில்லை. தோல் செல்களிலுள்ள நுண்படிகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் தெரிவது. சொல்லியும் நம்பாமல் ஒருவன் தீனியில் பூவைச் சேர்த்துப் பார்த்தான். தண்ணீர்தான் நீலமாயிற்று.