ஆர்டர் இருந்தும் நஷ்டம்

மச்சான் நடத்திய தையல் யூனிட் என் கைக்கு வந்தபோது அதற்கு வேலைப் பஞ்சமே இல்லை. திருப்பூரில் பாதிப் பேர் ஆர்டர் தேடி அலைகையில் எங்கள் பவர் டேபிள் அத்தனையும் ஓடியது. ஆனால் சனிக்கிழமை சம்பளத்துக்கு அக்காவின் நகை அடகுக்குப் போனது. "ஆர்டரை மட்டும் விட்றாதே மாப்ள, எல்லாஞ் சரியாயிரும்" என்றார் மச்சான்.

மொத்த வரவுசெலவை வைத்துக்கொண்டு நஷ்டம் எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. பார்ட்டிவாரியாகப் பிரித்து எழுதினேன்: பீஸ் ரேட், லாட் அளவு, ஆல்டருக்குத் திரும்பி வருவது, பில் போட்டுப் பணம் வர ஆகும் நாள். அதிக பீஸ் கொடுக்கிற பார்ட்டிதான் கையைக் கடித்தது. 400 பீஸில் ஒரு லாட், அது முடிவதற்குள் வேறு ஸ்டைல். ஓவர்லாக்கில் நூல் மாற்றி, ஃபிளாட்லாக்கில் ஃபோல்டர் மாற்றி, டெய்லருக்குக் கை பழகுவதற்குள் அரை ஷிப்ட் போய்விடும். எங்களிடம் ஷிப்ட் சம்பளம். 5,000 பீஸ் லாட்டில் அந்த அரை ஷிப்ட் தெரியாது; 400-ல் கூலியைத் தின்றுவிடும். ரேட் என்னவோ இரண்டுக்கும் ஒன்றுதான்!

1,000 பீஸுக்குக் கீழே என்றால் ரேட் தனி என்றேன். அந்தப் பார்ட்டி வேலை தருவதை நிறுத்தியது. காண்ட்ராக்ட் டெய்லர்கள் வேறு கம்பெனிக்குப் போனார்கள், பாதி மெஷின் சும்மா நின்றது. பார்க்க வயிற்றைக் கலக்கியது. ஆனால் நகையைத் தொடாமல் சம்பளம் போட்டது அப்போதுதான்.

அடுத்தது வசூல். பணம் வந்தாலும் வராவிட்டாலும், மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர் ஜிஎஸ்டியை அடுத்த மாதம் 20-க்குள் கட்டியாக வேண்டும். உத்யம் பதிவு பெற்று, அந்த எண்ணைப் பில்லிலேயே அச்சடித்துவிடுங்கள். 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. புகார் கொடுக்க வழி இருக்கிறது, நான் கொடுக்கவில்லை. நாளைக்கும் அதே ஊரில்தானே ஜாப்வொர்க் வாங்க வேண்டும்? எனக்குக் கைகொடுத்தது வருமான வரி. குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கெடுவுக்குள் தராத பாக்கியை, பணம் கொடுக்கிற ஆண்டு வரை செலவாகக் கழிக்க முடியாது. 2023-24 கணக்கிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. மார்ச் நெருங்கினால் பார்ட்டியின் ஆடிட்டரே நமக்காகப் பேசிவிடுவார்.

கடனில் எதை முதலில் அடைப்பது என்று வீட்டில் பெரிய வாக்குவாதம். கடனில் பெரியது எது என்று பார்க்காதீர்கள், வட்டியைப் பாருங்கள். சும்மா நின்ற மெஷின்களை விற்று மீட்டர் வட்டியை முடித்தோம். வங்கிக்கு நாமே முந்திப் போக வேண்டும். தவணை 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன். அதன்பிறகு மேனேஜர் நல்லவராக இருந்தும் பயனில்லை. பார்ட்டிவாரிக் கணக்கைக் கையில் கொண்டுபோனதால் தவணைக் காலத்தை நீட்டித் தந்தார்கள்.

மெஷினை விற்றதில் மச்சானுக்கு இன்னும் வருத்தம்தான். சீசனில் போதவில்லையென்றால் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறோம்.