ஆச்சி கண்டுபிடிச்ச ரெண்டு பக்

வீடியோ கேம்னா கிராஃபிக்ஸ்தான்னு நினைச்சிருந்தேன், மினி ப்ராஜெக்ட்டுக்கு ஒண்ணு செய்யுற வரைக்கும்.

ஐடியா கொடுத்தது 'வெண்பா' என்ற கேம். கனடாவில் டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்த சமையல் நோட்டில் சில வரிகள் அழிஞ்சிருக்கும். விடுபட்டதை நாமே யோசிச்சு இட்லி, புட்டு எல்லாம் செய்யணும். சண்டை கிடையாது. 2024-ல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது அதுக்குத்தான்.

நம்ம ஊர் புட்டை வச்சு நாமளும் ஒண்ணு செய்வோம்னு மூணு பேர் இறங்கினோம்.

உள்ளே ஓடுறது என்ன?

ஒரு லூப். முதல்ல, ஆடுறவர் எதை அழுத்தினார்னு பார்க்கணும். அடுத்து, விதிப்படி நிலையை மாத்தணும்: குழல்ல மாவு எவ்வளவு, தண்ணி கொதிச்சாச்சா? கடைசியா, அதைத் திரையில வரையணும். செகண்டுக்கு 60 தடவைன்னா ஒரு சுற்றுக்குக் கிடைக்கிறது 16.7 மில்லி செகண்டுதான்.

இதுல ஒரு பொறி இருக்கு. ஒரு ஃப்ரேமுக்கு இவ்வளவு ஆவின்னு கோடு எழுதினா, 30 ஃப்ரேம் மட்டும் ஓடுற பழைய லேப்டாப்ல புட்டு வேக இரட்டிப்பு நேரம் ஆகும். அதனால, போன ஃப்ரேமுக்குப் பிறகு கடந்த நேரத்தால பெருக்கணும்.

டெஸ்டிங்

எல்லாம் சரின்னு ஆச்சிகிட்ட லேப்டாப்பைக் கொடுத்தேன். ஆச்சி தேங்காப்பூவை முதல்ல போட்டாங்க. கேம் 'தப்பு'ன்னு சொல்லிச்சு. நாங்க எழுதின விதியில மாவுதான் முதல்ல.

"அடியில தேங்காப்பூ போடணும் மக்களே. இல்லேன்னா மாவு ஓட்டையை அடைச்சுரும், ஆவி எப்படி ஏறும்?"

எங்க கேமுக்கு ஒரு உண்மையான புதிர் அப்பதான் கிடைச்சுது. இப்போ தப்பா போட்டா 'தப்பு'ன்னு வராது. ஆவி ஏறாது, ஆடுறவரே காரணத்தைக் கண்டுபிடிக்கணும்.

அடுத்தது ஆச்சி கேட்டாங்க: "இது என்ன எழுத்து?"

'கொதிக்குது'ன்னு வர வேண்டிய இடத்துல கொம்பு 'க'வுக்குப் பின்னாடி நின்னுச்சு. ஒரு மாசமா பார்த்தும் இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச என் கண்ணுக்கு அது படவே இல்லை. யூனிகோடில் 'க' முதல்ல, ஒகரக் குறி அடுத்து. வரையும்போது அந்தக் குறியை ரெண்டாப் பிரிச்சு, கொம்பை முன்னாடியும் காலைப் பின்னாடியும் வைக்கணும். இதுக்கு ஷேப்பிங்னு பேரு. எல்லா இன்ஜினிலும் இது தானா நடக்காது. கோடோ 4-ல் ஹார்ஃப்பஸ் என்ற ஷேப்பிங் லைப்ரரி உள்ளேயே இருக்கு, அதுக்கு மாறினோம்.

ஜூனியர்ஸ், நீங்க செய்யும்போது படம் வரையாம வெறும் பெட்டிகளை வச்சே முதல்ல ஆடிப் பாருங்க. அப்புறம் கேமே ஆடாத ஒருத்தர்கிட்ட கொடுங்க. பக்கத்துல உக்காந்து விளக்காதீங்க. அவங்க எங்க முழிக்காங்கன்னு மட்டும் குறிச்சுக்கோங்க.